மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர்

"நீங்க எந்தக் கட்சி?"

போடியில் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். சிலிண்டர் போட வருகிறவர் கேட்கிறார். கரண்ட் ரீடிங் எடுக்க வந்த பெண் கேட்கிறாள். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். எல்லாம் வீட்டு முன்னறைச் சுவரில் நான் மாட்டி வைத்திருக்கும் படங்களால் வந்த வினை.

அவை பழைய வாரப் பத்திரிகைகளில் வந்த தலைவர்களின் சித்திரங்கள். பேனாவும் மையும் வைத்து வரைந்தவை. ஒருவருக்கு மூக்கு முழ நீளம். ஒருவருடைய தோள்துண்டு தரையைக் கூட்டிக்கொண்டு போகிறது. ஒன்றுக்கொன்று ஆகாத நாலு கட்சிக்காரர்கள் ஒரே வரிசையில் தொங்குகிறார்கள். அதைப் பார்த்த பிறகும் கேட்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கோடு நல்லாருக்கும்ங்க, அதுக்காகச் சேக்குறேன்" என்று சொன்னால், "சரி சரி, வெளிய சொல்ல மாட்டீங்க" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

போன தேர்தலில் ஊரில் சிலைகளுக்கெல்லாம் துணி சுற்றினார்கள் அல்லவா, அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரருக்கு என் மேல் அக்கறை பொங்கிவிட்டது. யாராவது புகார் கொடுத்துவிட்டால் என்ன ஆவது என்று, நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, என் படங்கள் மொத்தத்துக்கும் கண்ணாடி மேலேயே நியூஸ்பேப்பரை ஒட்டிவிட்டார். மைதாப் பசை. என் வீட்டுக்காரர்தான் பசை வாளியைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாராம். சுரண்டி எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. சட்டத்துக்குள் இறங்கிய பசையில் ஒரு முதலமைச்சரின் இடது காது போய்விட்டது. என் வீட்டுக்காரர் ஏலக்காய் வாங்கித் தரம் பிரித்து விற்கிறவர். காயில் ஒரு கீறல் இருந்தால் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். காது போன தலைவரைக் காட்டினால், "நல்லாத்தான இருக்காரு" என்கிறார்.

நான் இதில் இறங்கியது கோட்டு அழகுக்காக என்று ஊருக்குச் சொல்கிறேன். அது பாதிதான். மீதியை இங்கே சொல்கிறேன். தலைவர்களின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் அதே கேள்வியைக் கேட்பீர்கள்.

என் அப்பா போடியில் மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, பொதுக்கூட்டம் எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு பெரிய தலைவர் ஜில்லா ஜில்லாவாகச் சுற்றுப்பயணம் வந்திருக்கிறார். போடிக் கூட்டத்தில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது மைக் ஸ்டாண்டின் திருகு கழன்று, கம்பி இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அப்பா ஓடிப்போய்த் தலைவரின் காலடியில் உட்கார்ந்து, பேச்சு முடியும்வரை அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தாராம். தலைவரோடு ஒரு பத்திரிகை ஓவியரும் ஊர் ஊராக வந்து படம் போட்டுக்கொண்டிருந்தார். வாரம் ஓர் ஊர், ஒரு பக்கம் என்று அந்தப் படங்கள் பத்திரிகையில் வந்தன. போடிப் பக்கத்தில் தலைவரோடு சேர்த்து அப்பாவையும் வரைந்திருக்கிறார் என்பதுதான் அப்பாவின் பேச்சு. தேவாரத்தில் ஒரு சலூனில் அந்தப் பத்திரிகையைத் தன் கண்ணால் பார்த்தாராம். கேட்டதற்குக் கடைக்காரன் கொடுக்கவில்லையாம்.

இதை அவர் ஊரெல்லாம் சொன்னார். யாரும் நம்பவில்லை. "மைக்செட்டு அளக்க ஆரம்பிச்சிருச்சு" என்று எழுந்து போவார்கள். எனக்குக் கல்யாணம் ஆனது பக்கத்துச் சிலமலையில், என் வீட்டுக்காரரின் ஊரில்; நாங்கள் போடிக்குக் குடிவந்தது பிறகு. கல்யாணப் பந்தியில் சம்பந்திமார்களுக்கு நடுவே உட்கார்ந்து, அப்பா ஆசையாக அதே கதையை எடுத்தார். கம்பி இறங்குகிற இடம் வந்தபோது, என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, சாம்பார் வாளியோடு நின்றபடியே, "மாமா, மைக்க ஆஃப் பண்ணுங்க, இலை காயுது" என்றார். பந்தியே குலுங்கிச் சிரித்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த என் வீட்டுக்காரரும் சிரித்தார். அப்பாவும் சிரித்த மாதிரிதான் செய்தார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் அந்தக் கதையை எங்கேயும் சொல்லவில்லை.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து மதினியின் மூக்குக்கு நேரே நீட்டி, "இது யாரு?" என்று கேட்க வேண்டும். நான் சேர்க்க ஆரம்பித்தது அதற்காகத்தான். தேடும்போது கையில் கிடைத்த மற்ற படங்களின் மேல் ஆசை வந்தது பிறகு நடந்தது.

தேடியது கொஞ்சநஞ்சமா? பெரியகுளம் பக்கம் கிடைத்தது, தேனி கிடைத்தது, கம்பம் கிடைத்தது. போடி மட்டும் இல்லை. காரணம் விசாரித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். நம்ம ஊர் வந்திருக்கிறது என்று அந்த வாரம் போடிக்கு வந்த அத்தனை பிரதியையும் ஆளாளுக்கு வாங்கி, வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். அடுத்த பொங்கலுக்கு அதன் மேலேயே வெள்ளையும் அடித்துவிட்டார்கள். ஒட்டியவர்களைக் கேட்டால் தலைவர் மட்டும்தான் ஞாபகம் என்கிறார்கள்.

பழைய பேப்பர் கடை பாயிடம் சொல்லி வைத்தேன். நல்ல மனிதர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் போன் செய்து, "வெரசா வா தங்கச்சி, ஒனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்" என்றார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். ஒரு மிட்டாய் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே தலைவர்களின் தலைகள். வெறும் தலைகள். ஸ்கூல் பிள்ளைகள் சார்ட்டில் ஒட்டுவதற்கு வெட்டுவது மாதிரி கழுத்தோடு நறுக்கி வைத்திருக்கிறார்.

"அய்யோ பாய், மிச்சமெல்லாம் எங்க?"

"எது மிச்சம்?"

"சுத்தி இருந்தது! கை, காலு, மேடை, கூட்டம்!"

"அத எதுக்குத்தா? வெறும் சனம்தான நிக்கிது. பொட்டலம் கட்ட அனுப்பிட்டேன்."

எனக்கு வேண்டியதே அந்த வெறும் சனத்தில் ஒருவர்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எந்த மளிகைக் கடையில் எங்கப்பா கடுகைச் சுற்றிக்கொண்டு போனாரோ என்று அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு, எங்கள் கடையில் காய் பொறுக்குகிற ஒரு பெண், தன் மாமியார் இருக்கும் தோட்டத்து லயத்தில் சுவரெல்லாம் பழைய பத்திரிகைதான் என்றாள். ஏலத்தோட்டங்களில் வரிசையாகக் கட்டிய அந்த ஒற்றை அறை வீடுகளில் பலகை இடுக்கு வழியாகப் பனிக்காற்று வராமலிருக்கத் தாள் மேல் தாளாக ஒட்டுவார்கள். ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப்பில் ஒடுங்கி உட்கார்ந்து, போடிமெட்டு வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்து, போய்ச் சேர்ந்தேன். ஈரத் துணி வைத்து ஒவ்வொரு தாளாக உரித்தேன். சினிமா, அதற்குக் கீழே சோப்பு விளம்பரம், அதற்குக் கீழே ஒரு தலைவர். உரித்து எடுத்தால் பெரியகுளம். என்னிடம் ஏற்கெனவே மூன்று பெரியகுளம் இருக்கிறது.

அந்த வீட்டுக்காரர் சுவரில் நான் போட்ட ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ராத்திரி காத்து கேறுமே சேச்சி" என்றார், பாதி மலையாளத்தில். கொண்டுபோன துணிப்பையைக் கிழித்து அதை அடைத்துவிட்டு வந்தேன். அவர் என்ன நினைத்தாரோ, அடுத்த மாதம் அந்தப் பெண்ணிடம் ஒரு பெரிய சுருள் கொடுத்து அனுப்பியிருந்தார். பிரித்தேன். ஏழு கட்சிக் காலண்டர்கள்.

"ஒனக்கு வேற சோலியே இல்லையா?" என்றார் என் வீட்டுக்காரர். இல்லை என்றேன்.

இப்போது மதினிக்கு வருகிறேன். மதினி தொடர்கதைப் பைத்தியம். பள்ளிக்கூடத்தில் படிக்கும் காலத்திலிருந்தே வாரா வாரம் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைப் பிய்த்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டிங் செய்து வைத்துக்கொள்வார். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அப்படி வைத்திருக்கிறார். சிலமலையிலேயே கட்டிக்கொடுத்ததால் பெட்டியும் அவரோடு அடுத்த தெருவுக்குப் போனது. நான் கல்யாணமாகிச் சிலமலைக்குப் போன முதல் மாதம், மதினி வாங்கி வைத்திருந்த புது இதழில் ஒரு மந்திரியின் படத்தைப் பார்த்து, அதே ஓவியரின் கோடு மாதிரி இருக்கிறதே என்று கத்திரித்துவிட்டேன். அதன் பின்பக்கத்தில் கதாநாயகன் கதாநாயகிக்கு எழுதிய கடிதம் இருந்திருக்கிறது. நான் என்னத்தைக் கண்டேன்? மதினி ஆடிய ஆட்டத்தில் தெருவே கூடிவிட்டது. "எம் பொஸ்தகத்துப் பக்கம் நீ வரவே கூடாது" என்றார். "ஒங்க அழுகாச்சிக் கதைய யாரு தொடுவா?" என்றேன் நானும். அந்த ரோஷத்தில் அந்தப் பெட்டியை நான் திறந்ததே இல்லை.

ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது எனக்குத் தெரியாதா? மந்திரியின் பின்னால் கடிதம் இருந்தால், கடிதத்தின் பின்னால் மந்திரி இருக்க மாட்டாரா? மதுரையில் தேடினேன், சென்னையில் தேடினேன், மலையில் போய்ச் சுவரை உரித்தேன். பக்கத்து ஊரில் மதினி வீட்டில் இருந்த பெட்டியை நினைக்கவில்லை. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

போன ஆவணியில் மதினிக்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. மறுகண்ணுக்கு அடுத்த மாதம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொட்டு மருந்து போட நான் சிலமலைக்குப் போய் நாலு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்டு முடித்ததும், கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் உட்கார்ந்துகொண்டு மதினி சொன்னார்:

"ஏத்தா, பொழுதே போக மாட்டேங்குது. அந்தப் பெட்டியில மொதப் பொஸ்தகத்த எடுத்து கடேசி அத்தியாயத்த வாசி."

"நானா?"

"பின்ன, சொவரா வாசிக்கும்? ஒன் கத்திரிக்கோல மட்டும் பையிலயே வையி."

மதினி சின்னப் பெண்ணாக இருந்தபோது பைண்டிங் செய்த முதல் புத்தகம் அது. நான் வேண்டாவெறுப்பாக வாசித்தேன். கதாநாயகி ரயில் நிலையத்துக்குப் போகிறாள். கதாநாயகன் வரவில்லை. மணி அடிக்கிறார்கள். தாளைத் திருப்பினேன்.

தலைவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். அந்தக் கோடு யாருடையது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். கீழே, 'போடிநாயக்கனூரில்' என்று ஓவியரின் கையெழுத்திலேயே இருந்தது.

"என்னத்தா நிறுத்திட்ட? அவ ரயில்ல ஏறுற எடத்த வாசி. அதுக்குத்தான இம்புட்டு நேரம் உக்காந்திருக்கேன்."

"மதினி, இருங்க."

"என்னத்த இருக்கச் சொல்ற? வாசித்தா!"

மைக்கைப் பார்த்தேன். ஸ்டாண்டு நேராக, தடித்த ஒற்றைக் கோடாக நின்றது. அதன் பக்கத்தில் யாரும் இல்லை. வெறும் வெள்ளைத் தாள். தலைவரின் காலடியைப் பார்த்தேன். கம்பியின் அடியில் ஒரு சுழி. இரண்டு சுற்றுச் சுற்றி ஓரமாக இழுத்துவிட்ட கிறுக்கல். அவ்வளவுதான். அந்தச் சுழியை எனக்குத் தெரியும். கம்பம் பக்கத்திலும் அதே இடத்தில் அதே சுழி இருக்கிறது. ஓவியர் மைக் ஒயரை அப்படித்தான் போடுவார். கம்பத்துக் கூட்டத்துக்கு மைக்செட் கட்டியது வேறு ஆள்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அப்பா மேல் அப்படி ஒரு கோபம். எதுக்குப்பா அளந்தீங்க? ஒங்க பேச்சை நம்பி இத்தனை வருசம் நாய் மாதிரி அலைஞ்சேனே. கம்பியைப் பிடிச்சது நெசமா, அதுவும் பொய்யா? சலூன்ல எதைப் பார்த்தீங்க? வாய்விட்டே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

"யார்ட்ட பேசுற?" என்றார் மதினி. "என்னத்தா ஆச்சு? ஏன் அழுவுற?"

சொன்னேன். வேறு வழி? மூக்குக்கு நேரே நீட்ட வேண்டிய படத்தை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா அதில் இல்லை என்று நானே என் வாயால் சொன்னேன். இதற்கு மதினி என்ன சொல்லிச் சிரிக்கப் போகிறாரோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதினி கையை நீட்டி, "கொண்டா இங்க" என்றார்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆபரேஷன் ஆன கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, புரை விழுந்த கண்ணுக்குப் பக்கத்தில் புத்தகத்தைக் கொண்டுபோனார். அந்தக் கண்ணால் எதிரில் நிற்கிற மாட்டைக்கூட அவர் அடையாளம் சொன்னதில்லை.

"இந்தா இருக்காருல்ல" என்றார்.

"எங்க?"

"இந்தா, கம்பிக்கு அடியில. குத்த வச்சு ஒக்காந்திருக்காரு பாரு."

"அது ஒயரு மதினி."

"ஒயருக்கு முதுகு இருக்குமா? நல்லாப் பாரு. இது முதுகு, இது குனிஞ்ச தல."

"மதினி, நான் இந்த ஆளு படத்தத்தான் முப்பது வருசமாப் பாக்குறேன். அது ஒயரு. கம்பத்துலயும் இதே மாதிரித்தான் போட்டிருக்காரு. ஒங்களுக்குக் கண்ணே தெரியாது, என்ட்ட வந்து..."

"எனக்குத் தெரியுது" என்றார் மதினி. குரல் உயர்ந்துவிட்டது. "ஒனக்குத்தான் தெரியல. ஒங்கப்பா சொன்னது அம்புட்டும் நெசம். அன்னைக்குப் பந்தியில நான்தான் வாயடிச்சேன். அவரு மொகம் விழுந்து போனத நானும் பாத்தேன்தா. இத்தன வருசமா எனக்கு மட்டும் நல்லாவா இருந்துச்சு?"

சண்டை போடுவதற்கென்று இத்தனை காலம் நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் அதோடு செல்லாமல் போனது.

மதினி புத்தகத்தை மடியில் கவிழ்த்து, முதுகைத் தடவிப் பார்த்து, தையல் நூலை நகத்தால் நெம்பினார். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்தேன். "கத போயிரும் மதினி. ரயிலுக்கு மணி அடிக்கிற எடம்."

"ஏறுனா ஏறுறா, போனாப் போறா. எனக்கு மனப்பாடம். கைய எடு."

நூல் அறுந்தது. தாள் ஓரம் கிழியாமல், ஒரு கண் மூடி, ஒரு கண் மங்கி, அத்தனை பக்குவமாக அவர் அதை உருவி எடுத்தார்; நாலு கண் இருக்கிறவர்களுக்குக்கூட அது வராது. என் கையில் கொடுத்துவிட்டு, "கண்ணாடி போட்டு, வாசலுக்கு நேரா மாட்டு. சும்மா உள்ள மூலையில மாட்டிராத" என்றார். பிறகு சொட்டு மருந்து போடச் சொல்லிப் படுத்துவிட்டார். கண்ணைக் கசக்காதீர்கள் என்று நான் திட்டத் திட்ட, கசக்கிக்கொண்டே படுத்திருந்தார்.

போடிக்கு வந்ததும் சட்டம் போட்டேன். வாசலுக்கு நேரே ஆணி அடித்தேன். அன்று சாயந்திரம் என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, புதிதாக என்ன தொங்குகிறது என்று பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். மதினி காட்டிய இடத்தையும் காட்டினேன். மனிதர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏலக்காயைப் பார்க்கிற மாதிரி கிட்டே போய், நின்று, நிதானமாகப் பார்த்தார்.

"இது ஒயருல்ல?" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு ஆங்காரம்.

"ஒயரா? எங்கப்பாவப் பாத்தா ஒங்களுக்கு ஒயரு மாதிரியா தெரியுது? கண்ணத் தொறந்து நல்லாப் பாருங்க. இது முதுகு, இது குனிஞ்ச தல!"